முகமும் நிறையும்: அலெக்சாண்டருக்குப் பின் வந்த கிரேக்க அரசுகளின் வெள்ளிக் காசுகள்

கி.மு. 188இல், அலெக்சாண்டரின் தளபதி செலூக்கஸின் வழிவந்த செலூக்கிய மன்னர் மூன்றாம் அந்தியோக்கஸ், ரோமானியரிடம் போரில் தோற்று, அபாமியா நகரில் உடன்படிக்கை செய்துகொண்டார். தண்டம் பெரிது. உடனே கொடுக்க வேண்டியது போக, ஆண்டுக்கு 1,000 தாலந்து வீதம் 12 ஆண்டுகள் வெள்ளி கட்ட வேண்டும். வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அந்த விதியைச் சொல் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளி ஏதென்ஸ் தரத்தில் மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும்; ஒரு தாலந்து 80 ரோமானிய ராத்தலுக்குக் குறையக் கூடாது. காசில் எந்த மன்னரின் முகம் இருக்க வேண்டும், எந்தத் தெய்வம் இருக்க வேண்டும் என்று ரோமானியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தராசை எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்று இந்தக் காசுகளை ஏலப் பட்டியல்களிலும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளிலும் பார்க்கிறவர்கள் முகத்தில்தான் சொக்கிப் போகிறார்கள். அது நியாயமே. உயிருள்ள மனிதரின் முகத்தை இத்தனை துல்லியமாக உலோகத்தில் கொண்டுவந்த காலம் அதற்கு முன் இல்லை. பின்னும் பல நூற்றாண்டுகளுக்கு அரிது. ஆனால் அந்த அரசுகள் எப்படிப் பிழைத்தன, எந்த வணிகருக்குக் கதவு திறந்தன, யாருக்குச் சாத்தின என்று அறிய விரும்பினால் காசைத் தராசில் வைக்க வேண்டும். முகம் மன்னர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. நிறை அவர் உண்மையில் செய்தது.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். ஏதென்ஸ் நிறைப்படி ஒரு டிராக்மா 4.3 கிராம். நான்கு டிராக்மா மதிப்புள்ள பெரிய காசு டெட்ராடிராக்மா, 17.2 கிராம். 6,000 டிராக்மா ஒரு தாலந்து. இன்றைய கணக்கில் 26 கிலோ அளவு. லாரியம் சுரங்க வெள்ளியில் ஏதென்ஸ் அடித்த ஆந்தைக் காசுகள் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எகிப்து வரைக்கும் மேற்கு ஆசியா வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தக் காசுகளில் பலவற்றின் மேல் ஆழமான வெட்டு இருக்கிறது. உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி போர்த்திய போலியா என்று பார்க்க வாங்கியவர் உளியால் வெட்டிய தடம் அது. வெட்டிப் பார்த்தும் வெள்ளி வெள்ளியாகவே இருந்ததால்தான் அந்த நிறைக்கு ஊர் ஊராக மதிப்பு ஏறியது.

அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப் மாசிடோனியாவில் அடித்த டெட்ராடிராக்மா 14.4 கிராம் அளவில்தான் இருந்தது. அது வட்டார நிறை. மகன் வெள்ளியில் அதைக் கைவிட்டு ஏதென்ஸ் நிறைக்கு மாறினார். போர்க்களங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த முடிவைப் பற்றி நாம் பேசுவதில்லை. தன் வீட்டு அளவை விட்டுவிட்டு, கடல் சூழ்ந்த உலகம் முழுவதும் ஏற்கெனவே நம்பிய அளவை எடுத்துக்கொள்வது, ஆசியாவுக்குள் படை நடத்தப் போகிறவருக்கு எவ்வளவு பெரிய வசதி!

காசின் முன்புறம் சிங்கத்தோல் தலையணியோடு ஹெரக்கிளிஸ். மாசிடோனிய அரச குலம் தன் மூதாதை என்று சொல்லிக்கொண்ட வீரர். பின்புறம் அரியணையில் ஜீயஸ், ஒரு கையில் கழுகு, மறு கையில் செங்கோல். பக்கத்தில் அலெக்சாண்டருடையது என்ற பொருளில் அவர் பெயர். இன்றைய தெற்குத் துருக்கியில் உள்ள தார்சு நகரில் பாரசீக ஆளுநர் மசாயுஸ் அடித்த காசுகளில் பால் என்ற தெய்வம் இதே போல்தான் அமர்ந்திருக்கும். கிரேக்கர் ஜீயஸ் என்று கும்பிடலாம், சிரியாக்காரர் தம் பால் என்று கும்பிடலாம். இந்த ஒற்றுமை தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு பாரசீகக் கருவூலங்கள் கைக்கு வந்தன. பெர்செபொலிஸில் மட்டும் 120,000 தாலந்து மதிப்புள்ள பொன்னும் வெள்ளியும் இருந்தன என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ். அவற்றை ஏற்றிச் செல்லக் கோவேறு கழுதைகள் போதாமல் 3,000 ஒட்டகங்கள் வரவழைக்கப்பட்டன என்றும் எழுதுகிறார். பழைய ஆசிரியர்களின் எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனாலும் மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்திருந்த உலோகம் சில ஆண்டுகளுக்குள் உருகிக் காசாகிச் சந்தைக்கு வந்தது என்பதில் ஐயமில்லை. கி.மு. 324இல் ஓபிஸ் நகரில் 10,000 மூத்த வீரர்களை ஊருக்கு அனுப்பியபோது, சம்பளம் போகத் தலைக்கு ஒரு தாலந்து கொடுத்தார் அலெக்சாண்டர். ஒரு தாலந்து என்பது 1,500 டெட்ராடிராக்மா. ஒருவர் தலைச்சுமையாகச் சுமந்து போகிற வெள்ளி. சின்ன ஆசியாவில் சார்தீஸ், மிலேத்து, லாம்ப்சாகஸ் முதலிய ஊர்களின் அக்கசாலைகள், அதாவது காசு அடிக்கும் கூடங்கள், அந்த ஆண்டுகளில் டிராக்மாக்களை அடித்துக் குவித்ததற்கு ஊர் திரும்பும் இந்த வீரர்களே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அலெக்சாண்டருக்குப் பின் வந்த கிரேக்க உலகத்தின், அதாவது ஹெலனிய உலகத்தின், காசு பெரும்பாலும் சந்தைக்காகப் பிறந்தது அல்ல, படைக்காகப் பிறந்தது. சந்தை அதை அப்புறம் எடுத்துக்கொண்டது.

வேலை நடந்த விதமும் எளிது. வெள்ளியை உருக்கி, நிறுத்து, வில்லைகளாக்குவார்கள். முன்புற அச்சு பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். சூடான வில்லையை அதன் மேல் வைத்து, பின்புற அச்சை மேலே பிடித்து, சம்மட்டியால் அடிப்பார்கள். அடி நேராக வாங்கும் மேல் அச்சு சீக்கிரம் தேயும், உடையும். அதனால் ஒரே முன்புற அச்சோடு பல பின்புற அச்சுகள் இணைவதைக் காண்கிறோம். அந்த இணைப்புகளைச் சங்கிலியாகக் கோத்துப் போனால் எந்தக் காசு முன்னே, எது பின்னே என்று தெரியவரும். 1905இல் எகிப்தின் தமன்ஹூரில் கிடைத்த புதையலில் 8,000 அளவில் அலெக்சாண்டர் டெட்ராடிராக்மாக்கள் இருந்தன. அமெரிக்க நாணயவியலாளர் எட்வர்ட் நியூவெல் இப்படித்தான் அவற்றை அக்கசாலைவாரியாகப் பிரித்து அடுக்கினார். எழுத்து ஆவணமே இல்லாத ஆண்டுகளுக்கு அந்த அடுக்கு ஒரு கால அட்டவணை.

கி.மு. 323இல் பாபிலோனில் அலெக்சாண்டர் இறந்தார். காசு நிற்கவில்லை. தளபதிகள் அவர் பெயரிலேயே அடித்தார்கள். அவர்களோடு சண்டையிட்ட தளபதிகளும் அவர் பெயரிலேயே அடித்தார்கள். பிறகு தன்னாட்சி நகரங்கள் அடித்தன. கருங்கடல் கரையில் மெசெம்பிரியா, ஒடெசஸ் ஆகிய ஊர்கள் கி.மு. 1ஆம் நூற்றாண்டு வரைக்கும், அதாவது அவர் இறந்து 250 ஆண்டுகளை நெருங்கியும், அதே ஹெரக்கிளிஸையும் அதே ஜீயஸையும் அடித்துக்கொண்டிருந்தன. வில்லை அகலமாகி, பாணி மாறி, ஜீயஸின் உடல்வாகு கூட மாறிப்போனது. நிறை மட்டும் ஏறத்தாழ அப்படியே நின்றது. கூலிப்படை வீரர் சம்பளமாகக் கேட்டது பழக்கப்பட்ட காசைத்தான். அவருக்கு அடிக்கும் மன்னர் யாரென்ற கவலை இல்லை.

பாபிலோனின் களிமண் பலகைகள் இதற்கு நல்ல சாட்சி. அங்கே வெள்ளியைத் துண்டாக வெட்டி நிறுத்துக் கொடுப்பது ஆயிரமாண்டுப் பழக்கம். கிரேக்க ஆட்சி வந்தபின் ஒப்பந்தங்களில் ‘அலெக்சாண்டர் காசாக’, ‘அந்தியோக்கஸ் காசாக’ என்று வருகிறது. ஆனால் கணக்கு இன்னும் சேக்கலிலும் மினாவிலும்தான். ஒரு டெட்ராடிராக்மாவை இரண்டு சேக்கலாக எண்ணினார்கள். வானத்து நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்த கோவில் பலகைகளில், மாதாமாதம் ஒரு சேக்கல் வெள்ளிக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு பேரீச்சை என்ற விலையும் இருக்கிறது. மேலே முகம் பதிந்த காசு, கீழே பழைய எடைக்கல்.

கி.மு. 306, 305 ஆண்டுகளில் தளபதிகள் ஒருவர் பின் ஒருவராக மன்னர் பட்டம் சூடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் முகங்களின் காலம். லைசிமாக்கஸ் தன் முகத்தைப் போடவில்லை. அம்மோன் கடவுளின் ஆட்டுக்கொம்போடு தெய்வமாகிவிட்ட அலெக்சாண்டரைப் போட்டார். என் கணிப்பில் அந்தக் கால அச்சுகளிலேயே மிக அழகானது அதுதான். டிமெட்ரியஸ் கடற்போர் வெற்றியைக் கப்பல் முகப்பில் நிற்கும் வெற்றித் தேவதையாகப் பதித்தார். செலூக்கஸ் யானைகள் பூட்டிய தேரில் ஏதீனாவை ஏற்றினார். சந்திரகுப்த மௌரியரோடு செய்துகொண்ட உடன்பாட்டில் கிடைத்த 500 யானைகளின் எதிரொலி அது. இவை எல்லாமே 17 கிராம் காசுகள். ஒருவருக்கொருவர் பகைவரானாலும், லைசிமாக்கஸின் காசு செலூக்கஸின் சந்தையில் செல்லும். சிரியாவில் கிடைக்கும் புதையல்களில் எல்லோர் காசும் கலந்தே கிடக்கிறது.

இந்தக் கூட்டத்திலிருந்து விலகிப் போனவர் எகிப்தை ஆண்ட தளபதி தாலமி.

தாலமியின் முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது: முன்தள்ளிய தாடை, உள்வாங்கிய பெரிய கண்கள், சுருள்முடி. சில அச்சுகளில் காதுக்குப் பின்னால் மிகச் சிறிய ‘டெல்ட்டா’ எழுத்து இருக்கிறது. செதுக்கிய கலைஞரின் ஒப்பமாக இருக்கலாம் என்கிறார்கள். பின்புறம் இடிமேல் நிற்கும் கழுகு. இந்தக் கழுகு கிளியோபாட்ரா வரைக்கும் மாறவே இல்லை. ஆனால் முகம் வருவதற்குள் தாலமி வேறொன்றைச் செய்து முடித்திருந்தார். 17.2 கிராம் காசை முதலில் 15.7 கிராமாகக் குறைத்தார்; மன்னரான பின், கி.மு. 3ஆம் நூற்றாண்டு பிறப்பதற்குள், 14.2 கிராம் அளவுக்கு இறக்கினார். பெயர் அதே டெட்ராடிராக்மா.

கூடவே வெளிக்காசு நாட்டுக்குள் புழங்கக் கூடாது என்ற சட்டம். இறங்கிய வணிகர் தன் காசைக் கொடுத்துத் தாலமியின் காசாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றியிருந்தால் ஒவ்வொரு காசிலும் 3 கிராம் வெள்ளி, ஆறில் ஒரு பங்கு, மன்னருக்கு மாற்றுக் கழிவாகச் சேரும். கி.மு. 258இல் டிமெட்ரியஸ் என்ற அதிகாரி, இரண்டாம் தாலமியின் நிதியமைச்சர் அப்போலோனியஸுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அது பொற்காசுகளைப் பற்றியது; சட்டம் எப்படி நடைமுறையில் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. கப்பலில் வருகிறவர்களும் வணிகர்களும் தங்கள் நாட்டுப் பொன்னைக் கொண்டுவந்து, ஆணைப்படி புதுக்காசாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். அதற்கு வழி இல்லாமல் அவர்கள் பொன் சும்மா கிடக்கிறது, உள்நாட்டில் சரக்கு வாங்க முடியாமல் நட்டப்படுகிறார்கள், கோபப்படுகிறார்கள் என்று அவர் முறையிடுகிறார். வெளிநாட்டுப் பொன் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே வருவதே மன்னருக்கு நல்லது என்றும் சொல்கிறார். 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்நியச் செலாவணி அதிகாரியின் குரல் அது.

இது தாலமிக்கு ஏன் முடிந்தது? எகிப்துக்கு இரு பக்கமும் பாலைவனம், வடக்கே கடல், கடலுக்கு ஒரு பெரிய வாசல் அலெக்சாண்ட்ரியா. வாசலில் ஆள் நிறுத்தினால் போதும். உள்ளே எல்லோருக்கும் வேண்டிய கோதுமை. கூடவே ஒரு குறையும் இருந்தது: எகிப்தில் வெள்ளி விளையாது. வரும் வெள்ளியை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்க எடை குறைந்த காசுதான் வேலி; வெளியே போனால் அதற்கு 14 கிராம் மதிப்புத்தான். உள்நாட்டுச் சில்லறைக்குப் பெரிய பெரிய வெண்கலக் காசுகளை அடித்தார்கள். சில 70 கிராமுக்கு மேல். எகிப்தில் கி.மு. 300க்குப் பிறகு புதைந்த புதையல்களில் தாலமிகளின் காசைத் தவிர வேறு காசு கிடைப்பது அரிதிலும் அரிது. சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை என்பதற்கு இந்த மண் சாட்சி.

செலூக்கியருக்கு அது நடக்காத காரியம். மத்தியதரைக் கடலிலிருந்து ஈரான் மேடு வரை பரந்த நாடு. எத்தனை வாசலில் காவல் போடுவது? அவர்களிடமும் பெரிய வெள்ளிச் சுரங்கங்கள் இல்லை. ஆகவே ஏதென்ஸ் நிறையில் யார் அடித்த காசும் செல்லும் என்று திறந்தே வைத்தார்கள். பின்னாளில் தென் துருக்கி நகரங்களின் அலெக்சாண்டர் காசுகள் வந்து குவிந்தபோது, அவற்றை உருக்காமல் தங்கள் சின்னமான நங்கூரத்தைச் சிறு முத்திரையாகக் குத்திப் புழக்கத்தில் விட்டார்கள்.

இரண்டு கொள்கைகளும் மோதிய இடம் பாலஸ்தீனமும் பெனிசியாவும். நூறாண்டு தாலமிகளிடம் இருந்த அந்த நாட்டை கி.மு. 200 வாக்கில் மூன்றாம் அந்தியோக்கஸ் வென்றார். ஆட்சி மாறியது, நிறை மாறவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அலெக்சாண்டர் பாலாஸ் என்ற செலூக்கிய மன்னர் தீரு, சீதோன் நகரங்களில் காசு அடித்தபோது 14 கிராமிலேயே, தாலமியின் கழுகோடு அடித்தார். தீரு நகரம் கி.மு. 126/125இல் தன்னாட்சி பெற்றதும் மன்னரின் முகத்தை எடுத்துவிட்டு ஊர்த் தெய்வம் மெல்கார்ட்டைப் போட்டது. கழுகும் எடையும் அப்படியே. எருசலேம் கோவில் வரி அந்தத் தீரு வெள்ளியில்தான் கட்டப்பட்டது. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசும் இவையாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். முதல் தாலமி அலெக்சாண்ட்ரியாவில் எடுத்த முடிவு, அவருடைய வம்சமே அழிந்த பின்னும் எருசலேமின் காசு மாற்றுபவர் பலகையில் இருந்தது.

இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த பெர்காமம் அரசின் கதை சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அட்டாலிய மன்னர்கள் தாலமியின் வழியைப் பின்பற்றி, 12.6 கிராமுக்கு ‘சிஸ்டோஃபரஸ்’ என்ற காசை அடித்தார்கள். மன்னர் முகமும் இல்லை, பெயரும் இல்லை. பாம்பு வெளிவரும் பூசைக் கூடை மட்டும். கி.மு. 133இல் நாடு ரோமுக்குப் போயிற்று. ரோமானியர் அந்தக் காசைக் கைவிடாமல் பேரரசர் ஹேட்ரியன் காலம் வரைக்கும் அடித்தார்கள். சிரியாவின் அந்தியோக்கியா நகரிலும் அப்படியே. செலூக்கிய அரசு ஒழிந்த பின் ரோமானிய ஆளுநர்கள், இறந்துபோன மன்னர் பிலிப் பிலடெல்பஸின் முகத்தோடே டெட்ராடிராக்மா அடித்துக்கொண்டிருந்தார்கள். எகிப்தின் கதை இன்னும் கசப்பானது. கிளியோபாட்ராவின் தந்தை காலத்தில் வெள்ளியின் மாற்று பாதிக்கும் கீழே விழுந்தது. எடை இருந்தது, வெள்ளி இல்லை.

கிழக்கே கதை வேறு. பாக்ட்ரியாவில், இன்றைய வட ஆப்கானிஸ்தானில், கி.மு. 250 அளவில் டியோடோட்டஸ் செலூக்கியரிடமிருந்து பிரிந்தார். முதலில் காசில் அந்தியோக்கஸின் பெயரும் தன் முகமும். பிறகு பெயரும் தன்னுடையது. அங்கே வந்த மன்னர்களின் உருவங்கள் தயக்கமில்லாத உண்மை கொண்டவை: வயதேறித் தொங்கும் கன்னத்தோடு யூதிடெமஸ், யானைத்தலை அணிந்த டிமெட்ரியஸ், அகன்ற மாசிடோனியத் தொப்பியோடு மெல்லிய புன்னகை பூத்த ஆன்டிமாக்கஸ். கிரேக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஏதென்ஸ் நிறை பிசகாத 17 கிராமில்.

ஆனால் அவர்கள் இந்துகுஷ் மலையைத் தாண்டியதும் எல்லாம் மாறியது. தெற்கே மக்கள் கையில் இருந்தவை மௌரியர் கால முத்திரைக் காசுகள். மூலை வெட்டிய சதுர வெள்ளித் தகட்டில் சூரியன், மலை, மரம் என்று சின்னங்கள் குத்தியவை, 3.4 கிராம் அளவு. அகத்தோக்கிளிஸ் என்ற மன்னர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுரமாகவே வெள்ளி அடித்தார். ஒரு பக்கம் கிரேக்க எழுத்தோடு கலப்பையும் உலக்கையும் ஏந்திய பலராமன், மறுபக்கம் பிராமி எழுத்தோடு சக்கரமும் சங்கும் ஏந்திய வாசுதேவ கிருஷ்ணன். வட ஆப்கானிஸ்தானின் ஆய்-கானூமில், ஒரு பழைய கிரேக்க நகரின் இடிபாடுகளில், பிரெஞ்சு அகழ்வாளர்கள் 1970இல் கண்டெடுத்தபோது, அவை நூற்றுக்கணக்கான முத்திரைக் காசுகளோடு சேர்ந்தே கிடந்தன. கிருஷ்ணனின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று ஒரு கிரேக்க மன்னரின் காசில் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அடுத்து அப்போலோடோட்டஸ், மெனாண்டர் என்ற இந்தோ-கிரேக்க மன்னர்கள். யானையும் திமிலுள்ள காளையும் கொண்ட அப்போலோடோட்டஸின் சதுர டிராக்மா 2.45 கிராம். ஏதென்ஸ் டிராக்மாவோடு அதற்கு உறவில்லை, டெட்ராடிராக்மாவும் 9.8 கிராமாக இறங்கிற்று. மெனாண்டர் காசில் இடியை வீசும் ஏதீனா அச்சு அசல் மாசிடோனியத் தலைநகர் பெல்லாவின் தெய்வம். சுற்றியுள்ள கரோஷ்டி என்ற வடமேற்கு இந்திய எழுத்தில் மெனாண்டர் ‘மகாராஜா’. மலைக்கு வடக்கே அடித்தால் 17 கிராம், தெற்கே அடித்தால் 9.8 கிராம். தாலமி எடையைக் குறைத்தது வெளியாரை மடக்க. இந்தோ-கிரேக்கர் குறைத்தது உள்ளூராரோடு ஒட்டிக்கொள்ள. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு.

அந்த இருமொழிக் காசுகள் பின்னாளில் செய்த உதவி பெரிது. ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் சார்லஸ் மேசன் ஆயிரக்கணக்கில் திரட்டிய காசுகள் 1830களில் கல்கத்தா அக்கசாலையின் மாற்றுப் பார்க்கும் அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப்பின் மேசைக்குப் போயின. தெரிந்த கிரேக்கப் பெயரை வைத்துத் தெரியாத கரோஷ்டியைப் படிக்க அவை வழிகாட்டின. 1836இல் கிறிஸ்டியன் லாசன் அகத்தோக்கிளிஸின் காசைக் கொண்டு பிராமி எழுத்துகள் சிலவற்றைச் சரியாக இனம் கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிரின்செப் பிராமியை முழுமையாகப் படித்தார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் அப்போலோடோட்டஸ், மெனாண்டர் பெயர் கொண்ட பழைய டிராக்மாக்கள் இன்னும் செல்கின்றன என்கிறது. அந்த வெள்ளிச் சந்தையைக் கைப்பற்றிய, மேற்கு இந்தியாவை ஆண்ட சத்ரப மன்னர் நகபானன் அதே அளவில், 2.2 முதல் 2.4 கிராமுக்கு, முகம் பதித்து, கிரேக்க எழுத்தும் சேர்த்துக் காசு அடித்தார். நாசிக் அருகே ஜோகல்தம்பியில் 1906இல் கிடைத்த 13,000க்கு மேற்பட்ட நகபானன் காசுகளில் மூன்றில் இரண்டு பங்கின் மேல் சாதவாகன மன்னர் கௌதமிபுத்திர சதகர்ணி தன் முத்திரையை அடித்திருந்தார். உருக்கவில்லை, எடையைத் தொடவில்லை.

சாதவாகனர் பிறகு தாமே முகம் பதித்த வெள்ளி அடிக்கத் தொடங்கியபோது இரண்டு பக்கத்திலும் இரண்டு மொழி என்ற வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வாசிட்டிபுத்திர புளுமாவியின் காசில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்தில் ‘சிறி’க்குப் பதில் ‘திரு’, ‘புத’வுக்குப் பதில் ‘மகன்’ என்று வருகிறது. அதைத் தமிழ் என்றே நாணயவியல் அறிஞர்கள் பலர் வாசித்தார்கள். அந்தக் காசும் 2 கிராம் அளவுதான், நகபானன் விட்டுப்போன அதே சந்தைக்கு ஏற்ற நிறை.